லைப்போ முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு: நாள்வாரியாகத் தவிர்க்கவேண்டிய தவறுகள்

பித்தப்பையில் கல் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் நான் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டேன். உண்மை தெரிந்தவர்கள் கணவரும் அண்ணியும் மட்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் ஒரு சேதி காலையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சாயங்காலத்துக்குள் கோயில் சமையல்கட்டு வரை போய்விடும். 46 வயதில் வயிற்றுக் கொழுப்பை எடுக்க ஆபரேஷன் செய்துகொண்டாள் என்று யாரும் பேசக்கூடாது என்பதுதான் என் கவலை.

அந்தப் பொய்யால் வந்த சிக்கல்கள் கொஞ்சமல்ல. கல் எடுத்தவள் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவாளே என்று ஒன்பதாம் நாள் டர்பனிலேயே இருக்கும் ஃபீனிக்ஸில் ஒரு கல்யாணத்துக்கு வரச்சொன்னார்கள். போனேன். மாமியார் பாசத்தோடு வயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தார். மறுநாள் கொப்புளம். உள்ளே இறுக்க உடை போட்டிருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாததால், வியர்த்துக் கொட்டியபோதும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது செய்துகொள்ளப்போகிற பெண்கள், சில ஆண்களும்கூட, எனக்கு ரகசியமாகப் போன் செய்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன். என் அண்ணி அறுவை வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே வரும் கண்டிப்பான பேச்செல்லாம் அவருடையது, அசட்டுத்தனமெல்லாம் என்னுடையது. ஒன்று மட்டும்: உங்கள் சர்ஜன் கையில் கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அதைத்தான் கேட்கவேண்டும்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

வெளியே பார்த்தால் நாலைந்து சின்னத் துளைகள், ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். அந்தத் துளை வழியாக ஒரு குழாயை விட்டு, தோலுக்குக் கீழே முன்னும் பின்னும் இழுத்து, கொழுப்பை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். உள்ளே வயிறு முழுக்க, அல்லது இடுப்பு முழுக்க, சுரங்கம் சுரங்கமாகக் காயம். துளை சிறியது என்பதால் காயமும் சிறியது என்று நினைப்பதுதான் முதல் தவறு.

அதோடு, உறிஞ்சுவதற்கு முன் அந்த இடத்தில் நிறைய உப்புநீரை ஏற்றுவார்கள். அதில் மரத்துப்போவதற்கு லிடோகெய்ன், ரத்தம் குறைவாகப் போவதற்கு அட்ரினலின் இரண்டும் கலந்திருக்கும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி க்ளைன் என்ற தோல் மருத்துவர் 1980-களில் கொண்டுவந்த முறை இது. அதற்குப் பிறகுதான் இந்த ஆபரேஷனில் ரத்தப்போக்கு பெரிதும் குறைந்தது. அந்த நீர் எல்லாம் உறிஞ்சும்போதே வெளியே வந்துவிடாது. மிச்சம் உடம்பில் தங்கி, துளை வழியாகக் கசியும், ரத்தத்தில் கலக்கும், சிறுநீராகப் போகும். முதல் வாரம் படும் பாட்டில் பாதி இந்த நீரால்தான்.

படி 1: போகும் முன்பே

வீட்டில் ஒரு பெரிய ஆளுக்காவது முழு உண்மையைச் சொல்லுங்கள். கணவர் மட்டும் போதாது. அவர் வேலைக்குப் போன பிறகு கூட இருக்கப்போவது யாரோ அவருக்குத் தெரியவேண்டும். இது ஏன் முக்கியம் என்று போகப்போகத் தெரியும்.

செய்யப்போகிற டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜனாகப் பதிவானவரா என்று எச்பிசிஎஸ்ஏ (டாக்டர்களைப் பதிவுசெய்யும் தென்னாப்பிரிக்க மருத்துவக் கவுன்சில்) இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. ராத்திரி 2 மணிக்கு மூச்சு வாங்கினால் எந்த எண்ணை அழைப்பது, யார் எடுப்பார்கள் என்று அவரிடமே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மழுப்பினால் வேறு டாக்டரைப் பாருங்கள் என்பது என் கருத்து.

அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்குப் பொதுவாக மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் தராது. அதனால் கையிலிருந்து கொடுக்கிறோம். அதனாலேயே கடைசி ராண்ட் வரை ஆபரேஷனுக்குக் கொடுத்துவிட்டு, மாற்று உடை வாங்கவும் மறுபடி டாக்டரைப் பார்க்கவும் காசில்லாமல் நிற்பவர்கள் உண்டு. கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

ஜோஹானஸ்பர்கில் மலிவாக இருக்கிறது என்று போய்ச் செய்துகொண்டு, மூன்றாம் நாள் என்3 சாலையில் காரில் திரும்பி வருவதை நான் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் கால் மடக்கி உட்காரவேண்டும். காலில் ரத்தம் உறைவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. சிக்கல் வந்தால் பார்க்கவேண்டிய சர்ஜனும் அங்கே இருப்பார், நீங்கள் இங்கே இருப்பீர்கள். அங்கேதான் செய்வேன் என்றால் முதல் வாரமாவது அங்கேயே தங்கிவிட்டு வாருங்கள்.

மாதத்தையும் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டர்பன் புழுக்கத்தில் இறுக்க உடையை இருபத்து நாலு மணி நேரமும் போட்டிருப்பது தண்டனை. ஜூன், ஜூலை நல்லது. நான் ஜூனில் செய்துகொண்டேன். நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

சிகரெட், வேப், ஹப்ளி (ஹூக்கா) எல்லாவற்றையும் முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம் நிறுத்தவேண்டும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ஏற்கெனவே அடிபட்ட தோலுக்கு ரத்தம் போகாவிட்டால் தோல் செத்துப்போகலாம். ஹப்ளியில் தண்ணீர் வழியாக வருவதால் ஒன்றும் ஆகாது என்று இளசுகள் சொல்வதை நம்பாதீர்கள். கருத்தடை மாத்திரையோ மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரையோ எடுப்பவர்கள் அதையும் சர்ஜனிடம் சொல்லவேண்டும். அவற்றாலும் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும்.

படி 2: முதல் 24 மணி நேரம்

படுக்கையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் லினன் சேவர் (ஈரம் உறிஞ்சும் விரிப்பு), அதன் மேல் பழைய துவாலை. கார் சீட்டிலும் அப்படியே. ஏனென்றால் கசியும். நன்றாகவே கசியும். ரோஸ் நிறத்தில் தண்ணீர் மாதிரி ஒன்றிரண்டு நாள் வந்துகொண்டே இருக்கும். முதல் ராத்திரி விரிப்பு நனைந்திருப்பதைப் பார்த்து என் கணவர் பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார். அண்ணி தடுத்துவிட்டு, "ஏம்மா, இது போகலைன்னாதான் கவலைப்படணும்" என்றார். அது வடிவதற்காகத்தான் பல சர்ஜன்கள் துளைகளை முழுக்கத் தைக்காமல் விடுகிறார்கள். கசிவை நிறுத்துவதற்காகத் துளைமேல் பிளாஸ்டரை இறுக்கி ஒட்டாதீர்கள். ஆனால் தண்ணியான ரோஸ் நிறம் போய், கெட்டியான சிவப்பு ரத்தமாகப் பஞ்சை நனைத்துக்கொண்டே இருந்தால் உடனே போன் செய்யவேண்டும்.

முதல் ராத்திரி தனியாகப் படுக்கவே கூடாது. ஏற்றிய லிடோகெய்ன் ரத்தத்தில் உச்சத்துக்கு வருவது ஆபரேஷன் டேபிளில் அல்ல. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் 12 மணி நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. அதாவது காலையில் ஆபரேஷன் என்றால் வீட்டில் எல்லோரும் தூங்கப்போகும் நேரம். உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் இருப்பது, வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், நாக்குக் குழறல், தசை வெட்டி வெட்டி இழுப்பது இவை எல்லாம் மருந்து அதிகமாகிவிட்டதற்கான அடையாளம். "மயக்க மருந்து மிச்சம், தூங்கினா சரியாயிடும்" என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

படுக்கும்போது தலைக்கும் முதுகுக்கும் இரண்டு தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒன்று. வயிற்றில் செய்திருந்தால் இது நிறைய வலியைக் குறைக்கும்.

படி 3: முதல் தடவை உடையைக் கழற்றும்போது

இதைத் தனிப் படியாகப் போடுவதற்குக் காரணம் உண்டு. இறுக்கமாக இருந்த உடையைச் சட்டென்று கழற்றினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். குளியலறைத் தரையில் மயங்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். கழற்றுவதற்கு முன் ஏதாவது சாப்பிட்டு, ஒரு டம்ளர் ஜூஸ் குடித்திருக்கவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியை ஷவருக்குக் கீழே போட்டு, உட்கார்ந்தபடியே மெதுவாக இறக்கவேண்டும். கூட ஆள் இருக்கவேண்டும். கதவைத் தாழ்ப்பாள் போடக்கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், ஆவி பறக்கக்கூடாது.

எப்போது குளிக்கலாம் என்பதைச் சர்ஜன் சொல்வார். பொதுவாக ஒன்றிரண்டு நாளில் ஷவர் அனுமதிப்பார்கள். தொட்டியில் ஊறுவது, நீச்சல் குளம், கடல் மூன்றும் துளைகள் முழுக்க மூடி, சர்ஜன் பார்த்துச் சரி என்ற பிறகுதான். கடலில் ஒரு முழுக்குப் போட்டால் உப்பு காயத்தை ஆற்றும் என்று சொல்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து, ஈகோலை கிருமி அதிகமாகி டர்பன் கடற்கரைகளை மூடிவைத்தார்களே, அதை நினைவுபடுத்துங்கள்.

படி 4: இறுக்க உடை

கார்மெண்ட் என்றே எல்லோரும் சொல்கிறோம். முதல் இரண்டு மூன்று வாரம் குளிக்கும் நேரம் தவிர முழுநேரமும், அப்புறம் ஆறு வாரம் வரை அரை நாள் என்பது பரவலான வழக்கம். தோல் உள்ளே ஒட்டிக்கொள்வதற்கும், வீக்கம் வடிவதற்கும், உள்ளே ஏற்பட்ட வெற்றிடத்தில் நீர் கட்டாமல் இருப்பதற்கும் அது வேண்டும்.

கழற்றி எறிபவர்களைவிட இதில் அதிகமாகத் தவறு செய்பவர்கள் ஆர்வக்கோளாறுக்காரர்கள். இன்னும் இறுக்கினால் இன்னும் ஒல்லியாகலாம் என்று ஒரு சைஸ் சிறியதாக வாங்குகிறார்கள். அதிகமாக இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும், தோலில் கொப்புளம் வரும், கால் வீங்கும், மூச்சைக்கூட முழுசாக இழுக்க முடியாது. விரல் மரத்துப்போனால், நிறம் மாறினால் அந்த உடை சரியில்லை.

அடுத்தது மடிப்பு. உட்காரும்போது இடுப்பில் உடை சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தால் தோலில் கோடு பதியும். தினமும் பதிந்தால் அந்த இடம் பள்ளமாகவே ஆறிவிடும். அந்த ஃபீனிக்ஸ் கல்யாணத்தில் ஐந்து மணி நேரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் இடது இடுப்பில் அப்படித்தான் சுருண்டிருந்தது. சேலைக்குள் கைவிட்டு இழுத்துவிட முடியவில்லை. எழுந்து பாத்ரூம் போகலாமென்றால் வழி முழுக்க அத்தைமார்கள். இன்றைக்கும் அந்த இடத்தில் விரல் வைத்தால் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். உட்கார்ந்து எழும்போதெல்லாம் கை வைத்து நீவிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு உடை வேண்டும், ஒன்று துவைக்க. நிழலில் காயவிடுங்கள். வேர்க்குரு வந்தால் பவுடரை அள்ளிக் கொட்டவேண்டாம், துளைகளுக்குள் போகும். மின்விசிறி, உலர்ந்த துவாலை, கொஞ்சம் பொறுமை போதும்.

பிள்ளை பெற்றபோது கட்டிய வயிற்றுத் துணி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, அதையே கட்டலாமே என்று ஆயா கேட்பார். கூடாது. துணிக்கட்டு ஓரிடத்தில் இறுக்கும், ஓரிடத்தில் தொங்கும். இங்கே அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கவேண்டும்.

படி 5: நடக்கவேண்டும், ஆனால்

ஆபரேஷன் நடந்த அன்றைக்கே எழுந்து நடக்கவேண்டும். விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஹாலிலிருந்து சமையலறை வரை போய்வந்தால் போதும். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைப்பதுதான் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு உயிரை எடுக்கும் காரணங்களில் முக்கியமானது. "நீ படும்மா, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று மாமியார் ஒரு வாரம் படுக்கவைப்பது அன்புதான். ஆனால் இங்கே அந்த அன்பு ஆபத்து.

மறுபக்கம், பத்தாம் நாளே ஜிம்முக்கு ஓடுபவர்கள். நடையைத் தவிர வேறு பயிற்சி இரண்டு வாரத்துக்கு வேண்டாம். ஓட்டம், எடை தூக்குவது எல்லாம் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. கோயில் அண்டா, சின்னப் பேரப்பிள்ளை இரண்டும் எடைக் கணக்கில்தான் வரும். மேஜை வேலைக்காரர்கள் ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம். கடையில் நாள் முழுக்க நிற்பவர்கள் கூடுதலாக லீவு கேளுங்கள். கோடீன் கலந்த வலி மாத்திரை எடுக்கும் நாள்வரை கார் ஓட்டவேண்டாம். அதன் பிறகும், சட்டென்று பிரேக்கை மிதிக்க முடிகிறதா என்று நின்ற காரில் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். நீண்ட விமானப் பயணம் ஏதாவது இருந்தால் ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.

படி 6: மாத்திரை

நம் வீடுகளில் மருந்துப் பெட்டி என்பது சமையலறை டிராயர். அதில் ஒரு கிராண்ட்பா பவுடர், கொஞ்சம் டிஸ்பிரின், பனடோ, யாரோ மிச்சம் வைத்த மைப்ரோடால் இருக்கும். தலைவலி என்றால் கை தானாகக் கிராண்ட்பாவுக்குப் போகும். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. டிஸ்பிரினும் ஆஸ்பிரின்தான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, உள்ளே சுரங்கம் சுரங்கமாகக் காயம் இருக்கும் உடம்புக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சர்ஜன் சொல்லாமல் இரண்டையும் தொடாதீர்கள். இதய டாக்டர் ஆஸ்பிரினோ வேறு ரத்த மருந்தோ எழுதிக்கொடுத்து எடுப்பவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தக்கூடாது. அதை ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு டாக்டர்களும் பேசி முடிவுசெய்யவேண்டும்.

மைப்ரோடாலில் மூன்று மருந்து சேர்ந்திருக்கிறது: ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால், கோடீன். பனடோவும் பாரசிட்டமால்தான். வலி தாங்கவில்லை என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் பாரசிட்டமால் அளவு கூடிப்போய் கல்லீரலில் போய் நிற்கும். 500 மில்லிகிராம் பனடோ ஒரு நாளைக்கு 8-க்கு மேல் எந்தப் பெரியவருக்கும் கூடாது, மற்ற மாத்திரைகளில் ஒளிந்திருப்பதையும் சேர்த்து.

மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜின்கோ போன்றவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். குழம்பில் போடும் பூண்டுக்கும் மஞ்சளுக்கும் பயப்படவேண்டாம்.

படி 7: சாப்பாடு

உப்பு குறைய வேண்டும், தண்ணீர் கூட வேண்டும், புரதம் வேண்டும். ஊறுகாய், கருவாடு, பாக்கெட் சிப்ஸ், கடை பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) எல்லாம் ஒரு மாதத்துக்கு ஒதுங்கட்டும். பருப்பு, முட்டை, மீன், சுகர் பீன்ஸ் கறி நல்லது. கோடீன் மலத்தைக் கட்டும். வயிற்றில் காயத்தோடு முக்குவது என்ன என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். காலையில் பப்பாளி, நிறையத் தண்ணீர்.

காசு கொடுத்துக் கொழுப்பை எடுத்தாயிற்று, கையோடு பட்டினி கிடந்து மிச்சத்தையும் கரைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. காயம் ஆறப் புரதம் தேவைப்படும் நேரத்தில் அது எதிர்மாறான வேலை. புரட்டாசியில் மரக்கறி சாப்பிடுவதில் தவறில்லை, ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் மட்டும் அந்த வருஷம் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள், நம்மில் அது இல்லாத குடும்பம் ஏது, தினமும் குத்திப் பார்க்கவேண்டும். சர்க்கரை ஏறினால் காயம் ஆறாது, கிருமி தங்கும்.

சர்க்கரை குறையும் என்று எதிர்பார்த்து லைப்போ செய்துகொள்வது வீண். 2004-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 15 பருமனான பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை நிறைய எடுத்துவிட்டு, 10 முதல் 12 வாரம் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதமோ ரத்த அழுத்தமோ மேம்படவில்லை. குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பை அந்தக் குழாய் தொடுவதே இல்லை.

படி 8: வெந்நீர், எண்ணெய், பிழிதல்

நம் வீட்டுப் பெண்களுக்கு வயிறு வீங்கிப் படுத்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை பெற்றவளுக்குச் செய்வது. வெந்நீர் ஊற்றுவது, நல்லெண்ணெய் தேய்ப்பது, வயிற்றை அமுக்கிவிடுவது, இறுக்கக் கட்டுவது. நான்கும் இங்கே வேறு வேறு விதத்தில் கெடுதல்.

சூடு முதலில். ஆபரேஷன் நடந்த இடத்தில் தோல் மரத்திருக்கும். சில வாரம், சிலருக்கு சில மாதம். சூடு தெரியாது. என் மாமியார் பையைத் துணியில் சுற்றித்தான் வைத்தார், எனக்கும் இதமாகத்தான் இருந்தது. எழுந்து பார்த்தால் இரண்டு ராண்ட் காசு அளவு கொப்புளம். தழும்பு ஆற ஒரு வருஷம் ஆயிற்று. வெந்நீர்ப் பை, மின் போர்வை, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் அதே கதைதான், தோல் உறைந்து புண்ணாகும்.

எண்ணெயும் மஞ்சள் பற்றும் திறந்த துளைமேல் போகக்கூடாது. நம்ம ஊர் பயோ ஆயிலும்தான். துளை மூடித் தோல் வந்தபின், சர்ஜன் சொன்னால் சிலிகான் ஜெல் போடலாம். தழும்பு மேடாக வளரும் உடம்புவாகு நம்மில் பலருக்கு உண்டு. காது குத்திய இடத்தில் மேடு வந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மசாஜ் பற்றித்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நிணநீர் வடிய உதவும் மென்மையான மசாஜ் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. பயிற்சி பெற்றவர் செய்தால் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் இருக்கும், வலிக்காது. வீக்கத்துக்கு இதமாக இருக்கும். சர்ஜன் நாள் சொன்ன பிறகு போகலாம். ஆனால் சில இடங்களில் துளையை மறுபடி திறந்து, வயிற்றைப் பிழிந்து, நீரை வெளியேற்றுகிறார்கள். பாத்திரத்தில் விழும் நீரைப் பார்த்ததும் திருப்தியாக இருக்குமாம். அண்ணி இதைக் கேட்டபோது அவர் முகம் போன போக்கை எழுதமுடியாது. ஆறிவரும் காயத்தைத் திறந்து கிருமிக்கு வழிவிடுவது அது. யாராவது அழுத்தும்போது கண்ணில் நீர் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

படி 9: இரண்டாம் வாரம் முதல்

மனசு உடையும் காலம் இது. வீக்கம் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை உச்சத்தில் இருக்கும். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினால் ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிட அதிகமாகவே காட்டலாம். எல்லாம் நீர். அந்த இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கன்றிய நிறம் மெல்லக் கீழே இறங்கும். வயிற்றில் செய்தவர்களுக்குத் தொடையும் பிறப்புறுப்பும்கூட வீங்கிக் கறுத்திருக்கலாம். ஆண்கள் இதைப் பார்த்துப் பதறிப்போகிறார்கள், வெட்கத்தில் கேட்பதும் இல்லை.

அப்புறம் அரிப்பு, சுள்ளென்ற எரிச்சல், கையில் தட்டுப்படும் கட்டிகள். இரண்டு மூன்று வாரத்தில் வயிறு பலகை மாதிரி இறுகும். உள்ளே ஆறிக்கொண்டிருக்கிறது, மாதக்கணக்கில் இளகும்.

ஓரிடம் மட்டும் தனியாக உப்பி, தட்டினால் தண்ணீர்ப் பை மாதிரி அசைந்தால் அது செரோமா, அதாவது உள்ளே நீர் கட்டியிருக்கிறது. சர்ஜன் ஊசி போட்டு உறிஞ்சிவிடுவார், சில சமயம் இரண்டு மூன்று தடவை. நாமே ஊசியால் குத்தக்கூடாது என்று எழுதவேண்டியிருப்பது வருத்தம்தான், ஆனால் குத்தியவர்கள் இருக்கிறார்கள்.

கன்றல் இருக்கும் தோலில் வெயில் பட்டால் கறை தங்கிவிடும். நம் நிறத்துக்கு அது சுலபமாகத் தங்கும். முதலில் துணியால் மூடுங்கள். தழும்புக்கு ஒரு வருஷம்வரை சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல்.

தைப்பூசக் காவடி பற்றியும் கேட்கிறார்கள். சித்திரைப் பௌர்ணமிக் காவடியும் இங்கே உண்டே. லைப்போ செய்த இடத்தில் அலகு, கொக்கி எதுவும் அந்த வருஷம் கூடாது. தோல் மரத்திருப்பதால் வலிக்காது என்பது காரணமே அல்ல. பால்குடம் வேண்டுமென்றால் ஆறு வாரத்துக்குப் பிறகு, நிழலில் வரிசை இருக்கும் கோயிலாகப் பார்த்து எடுங்கள்.

எப்போது ஓடவேண்டும்

மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலிப்பது, குழப்பமாகப் பேசுவது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோடு சிவப்பு பரவுவது. நாளாக ஆகக் குறையவேண்டிய வலி திடீரென ஏறுவது, அதுவும் பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாத இடத்தில் தாங்கமுடியாமல் வலிப்பது. தோல் கறுப்பது, நாற்றத்தோடு சீழ். வயிறு கல்லாக இறுகி வாந்தி வருவது. சிறுநீர் நின்றுபோவது. இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்கவேண்டாம். இங்கே ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112.

ஆம்புலன்ஸில் வருபவரிடமும் அவசரப் பிரிவு டாக்டரிடமும் முதல் வாக்கியமே "லைப்போ செய்து இத்தனை நாள்" என்று இருக்கவேண்டும். அப்போது நீங்கள் பேசும் நிலையில் இல்லாமல் போகலாம். பக்கத்தில் நிற்பவர் "கல் ஆபரேஷன்" என்று சொன்னால் டாக்டர் வயிற்றுக்குள் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார். நுரையீரலில் அடைப்பு ஏறிக்கொண்டிருக்கும். ஒருவருக்காவது உண்மையைச் சொல்லுங்கள் என்று முதலிலேயே எழுதியது இதற்காகத்தான்.

ஆறாம் மாதம்

ஆறு வாரத்தில் பெரும்பாலான வீக்கம் இறங்கிவிடும். ஆனால் கடைசி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்கு முன் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது என்று திருத்த ஆபரேஷன் கேட்டு அலையவேண்டாம். வீங்கிய உடம்பை அளந்து வெட்டுவதில் பொருளில்லை. மாதம் ஒருமுறை அதே சுவர், அதே வெளிச்சம், அதே நேரம் என்று போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடி தினமும் வேறு வேறு சொல்லும். எடை ஏறினால் மிச்சம் இருக்கும் கொழுப்புச் செல்கள் பெரிதாகும், எடுக்காத இடங்களிலும் சேரும்.

என் இடுப்புப் பள்ளத்தைச் சர்ஜன் ஆறாம் மாதம் பார்த்து, வேண்டுமானால் நிரப்பலாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். மாமியாரிடம் உண்மையைச் சொன்னதும் அந்த வாரம்தான். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தக் கல்லுக்காக இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு நான் வேண்டிக்கிட்டேனே, அதை என்ன செய்யறது?" என்றார். அடுத்த வருஷம் புனித வெள்ளியன்று இரண்டு பேரும் போய்ப் பால்குடம் எடுத்தோம். கொப்புளத் தழும்பில் சன்ஸ்கிரீனைத் தடவிவிட்டது அவர்தான்.